இரண்டு சூரிய உதயம் பார்த்த விமானம்

உடுமலைப்பேட்டையில் இருந்து பீளமேடு விமான நிலையம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பொள்ளாச்சி வழியாகப் போனால் எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். சரி, அந்த விமான நிலையத்தில் இருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரம் எவ்வளவு தூரம்?

ஒரு பூமி உருண்டையை எடுத்து, கோவைக்கும் பெர்த்துக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய 6,300 கிலோமீட்டர் வரும். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் ஏழரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம். ஆனால் நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் போய் மாற வேண்டும். கோவை - சிங்கப்பூர் 3,160, சிங்கப்பூர் - பெர்த் 3,910. கூட்டினால் 7,070 கிலோமீட்டர். பறக்கும் நேரம் மட்டும் ஒன்பதரை மணியை ஒட்டி வரும். நடுவில் சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் நேரம் தனிக்கணக்கு. அது மூன்று மணியாகவும் இருக்கலாம், பத்து மணியாகவும் இருக்கலாம்!

ஆக இன்றைய விமானங்களால் நிற்காமல் போக முடியும், ஆனால் போதுமான பயணிகள் இல்லாததால் நின்று நின்று போகின்றன. இதற்கு நேர் எதிரான ஒரு கதை 1943-ல் நடந்தது. நின்று நின்று போக வேண்டிய ஒரு விமானம், நிற்க இடமே இல்லாததால் ஒரே மூச்சில் இந்துமாக்கடலைத் தாண்டியது. ஒரு தடவை இல்லை, 271 தடவை. ஒரு முனை பெர்த். இன்னொரு முனை நமக்குப் பக்கத்தில், இலங்கையில் காலி நகரத்தை அடுத்த கொக்கல என்ற ஏரி. நேர்தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். பயண நேரம் 27 முதல் 33 மணி வரை.

முப்பத்து மூன்று மணி நேரம், நடுவில் எங்கும் இறங்காமல்!

அதற்கு முன்னால் எப்படிப் போனார்கள்?

அந்தக் காலத்து விமானங்களுக்கு நீளமான மூச்சு கிடையாது. சில நூறு மைல் பறந்ததும் இறங்க வேண்டும், பெட்ரோல் போட வேண்டும், இரவானால் தூங்க வேண்டும். 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாகத் தபால் பையோடு பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்து வந்தார். லண்டனில் இருந்து கராச்சிக்கு ஏற்கனவே விமானத் தபால் வந்துகொண்டிருந்ததால், சென்னைக்கும் லண்டனுக்கும் வானத்தில் ஒரு சங்கிலி உண்டாகிவிட்டது. 1938-ல் அது திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் சங்கிலி வேறு. லண்டன், எகிப்து, பஸ்ரா, கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், டார்வின் என்று போகும். 1935-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது லண்டனில் இருந்து பிரிஸ்பேன் போய்ச்சேரப் பன்னிரண்டரை நாள் ஆனது. 1938-ல் பெரிய பறக்கும் படகுகள் வந்தன. தண்ணீரில் இறங்கி, தண்ணீரில் இருந்தே கிளம்பும் விமானங்களுக்குத்தான் அந்தப் பெயர். ஊர் ஊராக ஓடுபாதை போடும் செலவு மிச்சம். ஏரியோ ஆறோ கடலோரமோ இருந்தால் போதும். பயணமும் பத்து நாளளவுக்குக் குறைந்தது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மொத்தமும் போச்சு. போனது சாதாரணக் கண்ணி இல்லை, 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரே ஜப்பானியர் கையில் விழுந்தது. மார்ச் 3-ம் தேதி ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த பறக்கும் படகுகளை ஜப்பானிய விமானங்கள் சுட்டு எரித்தன. அகதிகளாக வந்து இறங்காமல் படகுகளிலேயே காத்திருந்த பெண்களும் குழந்தைகளும் அதில் செத்துப்போனார்கள். இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த வான்வழி அத்தோடு அறுந்தது.

கொக்கல ஏரி

அடுத்த அடி இலங்கைக்கு. 1942 ஏப்ரல் 4-ம் தேதி கொக்கல ஏரியில் இருந்து கேட்டலினா வகைப் பறக்கும் படகு ஒன்று ரோந்து கிளம்பியது. ஓட்டியவர் கனடாக்காரரான லெனார்ட் பர்ச்சால். தெற்கே கடலில் ஜப்பானின் பெரிய கப்பற்படை வருவதைப் பார்த்துச் செய்தி அனுப்பினார். அனுப்பி முடிப்பதற்குள் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிழைத்தவர்கள் போர்க்கைதிகள் ஆனார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. அதற்கு மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9-ம் தேதி திருகோணமலையில். சென்னைப் பட்டணமே பீதியில் காலியானது. அரசு அலுவலகங்கள் பல உள் மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி, தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள், "எவாக்குவேஷன்" என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ்ச் சொல் மாதிரி சொல்வார்கள்.

கோவைக்கும் இந்தப் போரில் ஒரு பங்கு உண்டு. 1942-ல் பிரிட்டிஷ் கப்பற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பணிமனை ஒன்றைக் கோவையில் அமைத்தது. கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இதற்கு வைத்த பெயர் 'எச்.எம்.எஸ். கருடா'. சூலூரில் 1945-ல் இன்னொரு தளம் வந்தது, அதன் பெயர் 'வைரி'. கடலே இல்லாத ஊரில் கப்பற்படை என்ன செய்கிறது என்று தோன்றும். கடற்கரைக்கு மிகவும் ஒட்டாத இடம், பைக்காரா மின்சாரம், பஞ்சாலைகளில் இயந்திரத்தோடு பழகிய கை... மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது லேசான காரியம் இல்லை.

பறக்கும் படகுகளுக்குச் சென்னைப் பக்கம் செங்குன்றம் ஏரியே தளமானது. இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் அதே ரெட்ஹில்ஸ் ஏரிதான்.

எடையோடு ஒரு சண்டை

அறுந்த வழியைத் திரும்ப ஒட்டியே ஆக வேண்டும். படையின் முக்கியமான கடிதங்களும் அதிகாரிகளும் கப்பலில் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால் போர் காத்திருக்காது. சுமத்ராவும் ஜாவாவும் அந்தமானும் ஜப்பானியரிடம். மிச்சம் இருந்தது வெறும் கடல். அந்தக் கடலை நிற்காமல் தாண்டும் வேலையை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் ஐந்து கேட்டலினாக்களைக் கொடுத்தது.

கேட்டலினா இரண்டு எஞ்சின் வைத்த, மெதுவான, ஆனால் நம்பகமான விமானம். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போனால் அதிகம். நம்மூர் ரயில் தண்டவாளத்தில் 'வந்தே பாரத்' 160-ல் போகிறது என்றால், அதைவிடக் கொஞ்சம்தான் வேகம்! சாதாரணமாக அதில் நிரப்பும் பெட்ரோல் இந்தத் தூரத்துக்குப் போதாது. அதனால் உள்ளே கூடுதல் டாங்குகள் வைத்து ஏறக்குறைய 9,000 லிட்டர் நிரப்பினார்கள். பெட்ரோல் மட்டுமே ஆறு டன்னுக்கு மேல். மொத்த எடை 16 டன்னை ஒட்டிப் போனது. அந்த விமானம் வடிவமைக்கப்பட்டபோது யாரும் நினைத்துப் பார்க்காத எடை இது.

எடை ஏறினால் எதையாவது இறக்க வேண்டும். பனி உறையாமல் தடுக்கும் கருவி இறங்கியது. குளிரையும் சத்தத்தையும் தடுக்கச் சுவரில் ஒட்டியிருந்த உறை இறங்கியது. உள்ளே இருப்பவர்கள் நடுங்கிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு பகல் ஒரு இரவு அதற்கு மேலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சிய இடம் எவ்வளவு தெரியுமா? மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான்.

69 கிலோ என்பது எவ்வளவு என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பனியன் 170 கிராம் என்று வைத்தால் நானூறு பீஸ். இரண்டு மூன்று அட்டைப்பெட்டி. அதைக் கொண்டு போக ஆறு டன் பெட்ரோலும், முழு விமானமும், ஐந்து பேர் உயிரும்! அந்தக் காலத்தில் படைவீரர்கள் எழுதிய கடிதங்களைப் படச்சுருளில் சின்னதாகப் படம் பிடித்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச்சேர்ந்த ஊரில் திரும்பப் பெரிதாக்கித் தரும் 'ஏர்கிராஃப்' என்ற முறைகூட இருந்தது. ஒரு கடிதத்தாளின் எடைக்குக்கூட விலை இருந்த காலம்.

கிளம்பும் நேரம்தான் மிக ஆபத்தானது. முழுப் பெட்ரோலோடு எழும்பிய முதல் சில மணி நேரத்துக்குள் ஒரு எஞ்சின் நின்றால், மிச்சமுள்ள ஒன்று அந்த எடையைத் தாங்காது. பெட்ரோலைக் கடலில் கொட்ட வேண்டும். கொட்டினால் ஊர் போய்ச்சேர முடியாது. பாதுகாப்புக்கு விமானத்தில் துப்பாக்கியும் கிடையாது.

நட்சத்திரமும் காற்றும்

குவாண்டாஸின் முதல் பயணம் 1943 ஜூலை 10-ம் தேதி பெர்த்தில் சுவான் ஆற்றில் இருந்து கிளம்பியது. வழியில் ரேடியோவில் பேசக் கூடாது. பேசினால் ஜப்பானியர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜப்பானிய ரோந்து விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் தாண்டும்படி நேரம் குறிக்கப்பட்டது. கீழே கடல், மேலே வானம், கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. வழி காட்ட நட்சத்திரங்கள் மட்டும்தான்.

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்தார்கள். ஸ்பைக்கா, அண்டாரஸ், ஆல்டேர், வேகா, ரிகல். இதில் ஸ்பைக்கா என்பது நம்முடைய சித்திரை. அண்டாரஸ் கேட்டை. ஆல்டேர் திருவோணம். வேகாவை அபிஜித் என்பார்கள். ரிகல் மட்டும் இருபத்தேழு நட்சத்திரக் கணக்கில் இல்லை. மிருகசீரிடத்துக்குக் கீழே ஓரையன் வேட்டைக்காரனின் காலாக மின்னும். ஜாதகம் பார்க்கிற நட்சத்திரங்களை வைத்துக் கடல் தாண்டினார்கள் என்று சொல்லலாம் :-)

விளையாட்டு இல்லை, கணக்கு கறாரானது. பெர்த்தில் கிளம்பும்போது திசை ஒரே ஒரு டிகிரி தவறி, கடைசி வரை திருத்தாமல் விட்டால், இலங்கைக்கு வரும்போது எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருப்பார்கள். உடுமலைக்குப் பதில் கோவையில் போய் இறங்குவது மாதிரி. தரையில் என்றால் பஸ் ஏறித் திரும்பலாம். முப்பது மணி நேரம் பறந்து பெட்ரோல் தீரும் நேரத்தில் நடுக்கடலில் என்ன செய்வது? அதனால் மேகம் விலகும்போதெல்லாம் நட்சத்திரத்தை அளந்து, கணக்குப் போட்டு, திசையைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

ஒரே தூரத்துக்கு ஒரு நாள் 27 மணியும் இன்னொரு நாள் 33 மணியும் ஆனது ஏன்? காற்று. "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்பது உடுமலைப் பக்கம் பழமொழி இல்லை, நேரில் பார்க்கிற விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே காட்டுக்குக் காடு காற்றாலை நிற்கிறது. ஆடி மாதத்தில் பொள்ளாச்சியைப் பார்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்கும், திரும்பி வந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். மணிக்கு 200 கிலோமீட்டர் போகும் விமானம் காற்றே இல்லாவிட்டால் 5,650 கிலோமீட்டரை 28 மணியில் தாண்டும். வழி முழுக்க 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் 35 மணிக்கு மேல். அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் இருபத்து மூன்றரை மணி! 850-ல் போகும் ஜெட்டுக்கு அதே எதிர்க்காற்று இருபது நிமிடம்தான் கூட்டும். மெதுவான விமானத்துக்கு வரைபடத்தில் இருக்கும் தூரம் ஒன்று, காற்று போட்டுக் கொடுக்கும் தூரம் வேறொன்று.

வானத்திலேயே இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் இந்தப் பயணத்துக்கு 'இரட்டைச் சூரிய உதயம்' என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு "இரட்டைச் சூரிய உதய ரகசியச் சங்கம்" என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். வானில் இருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், நிற்காமல் பறந்த விமானச் சேவைகளில் இதுவே இன்று வரை மிக நீண்டது. இந்தச் சாதனையைச் செய்தது மிக வேகமான விமானம் இல்லை, மிக மெதுவான ஒன்று. இதுதான் இந்த வரலாற்றிலேயே அழகான முரண்.

வேகம் வந்தது

1944 ஜூன் முதல் லிபரேட்டர் விமானங்களும் வந்தன. நான்கு எஞ்சின். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் உள்ள லியர்மன்த்தில் இருந்து கொழும்பு இரத்மலானைக்கு ஏறக்குறைய 4,930 கிலோமீட்டர், 17 மணி நேரம். 'கங்காரு சேவை' என்று பெயரிட்டு, கங்காரு படத்தையும் வரைந்தார்கள். இன்றைக்கும் குவாண்டாஸ் விமானத்தின் வாலில் தெரியும் கங்காருவின் பரம்பரை இதில் இருந்து தொடங்குகிறது. இதனால் இரண்டு உதயம் ஒன்றாகக் குறைந்துவிட்டது!

கேட்டலினாவின் கடைசிப் பயணம் 1945 ஜூலை 18-ம் தேதி. 271 தடவையும் கூட்டினால் பதினைந்து லட்சம் கிலோமீட்டர், பூமியை முப்பத்தெட்டுச் சுற்று. இதில் ஒரு விமானம்கூட விழவில்லை, ஒரு பயணிகூட சாகவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. எந்த எஞ்சின் நின்றாலும் சாவு என்று தெரிந்த இடத்தில், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்கும் நட்சத்திரம் அளக்கும் ஆளும் எப்படி வேலை செய்திருப்பார்கள்! இத்தனைக்கும் அதன் பிறகு வந்த லங்காஸ்ட்ரியன் என்ற வேகமான விமானம் ஒன்று, போர் முடிந்த பிறகு, 1946 மார்ச் 23-ல் கொழும்பில் இருந்து கோகோஸ் தீவுகளை நோக்கிப் போகும்போது பத்துப் பேரோடு காணாமல் போனது. தடயமே கிடைக்கவில்லை.

கேட்டலினாக்களுக்குக் கிடைத்த மரியாதையும் சொல்லும்படி இல்லை. அமெரிக்கா கடனாகக் கொடுத்த விமானங்கள் அவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கடலுக்கு இழுத்துப் போய் மூழ்கடித்தார்கள்.

1947 டிசம்பரில் சிட்னி - லண்டன் சேவை கான்ஸ்டலேஷன் விமானத்தில் தொடங்கியபோது, வழி பழையபடி டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா என்று திரும்பிவிட்டது. நான்கு நாள் பயணம். கொக்கலவை யாரும் நினைக்கவில்லை.

2018 மார்ச்சில் அதே பெர்த்தில் இருந்து லண்டனுக்கு நிற்காமல் முதல் சேவை கிளம்பியது. 14,498 கிலோமீட்டரைப் பதினேழு மணிச் சொச்சத்தில் கடந்தது. கேட்டலினா போனதைப்போல் இரண்டரை மடங்கு தூரம், ஏறக்குறைய பாதி நேரம். அடுத்து சிட்னியில் இருந்து லண்டனுக்கே நிற்காமல் பறக்க 2022-ல் ஏர்பஸ் ஏ350 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இருபது மணி நேரத்தை ஒட்டி ஆகும் அந்தத் திட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'புராஜெக்ட் சன்ரைஸ்'. பழைய கேட்டலினாக்களை நினைத்து வைத்த பெயர்தான்.

ஆனால் வழி அடைபடும் கதை போருக்குப் பின் தீர்ந்துவிடவில்லை. 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது, ஹெல்சின்கியில் இருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணியில் போய்க்கொண்டிருந்த பின்லாந்து விமானம் பதின்மூன்று மணி நேரம் சுற்றிப் போக வேண்டி வந்தது. இரண்டு விமான நிலையமும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன!

கொக்கல ஏரி இன்றும் அமைதியாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன ஓடுபாதை, சுற்றுலா விடுதிகள். 1942-ல் இந்தத் தளத்துக்காக ஏரிக்கரை மக்களை வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டார்கள். வீடுகள் இடிந்தன, தோட்டங்கள் போயின. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. இப்போது அது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. விமானங்களின் பெயரும் பயண எண்ணிக்கையும் கணக்கில் இருக்கிற அளவுக்கு, அன்று மூட்டை கட்டிப் போன குடும்பங்களின் பெயர் எங்கும் பேசப்படுவதில்லை.

அதே கொக்கலவில் 1991-ல் ஏற்றுமதி மண்டலம் ஒன்று வந்தது. உள்ளே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். திருப்பூருக்குப் போட்டி என்றுகூடச் சொல்லலாம். அங்கே தைக்கிற துணி பெரும்பாலும் கொழும்புத் துறைமுகம் போய்க் கப்பல் ஏறுகிறது, திருப்பூர்ப் பெட்டிகள் தூத்துக்குடி போய் ஏறுவது போல. அவசர ஆர்டர் என்றால் மட்டும் விமானம்.